ஒட்டுப்போட்ட கேமராவும் ஒரு நீண்ட பார்வையும்

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டில் ஒரு கேமரா வாங்கினேன். அதுவரை காக்கை, மைனா, குயில், கொக்கு ஆகியவற்றுக்கு அப்பால் எந்தப் பறவையையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரியாதவன் நான். மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். வெறுங்கையை வீசிக்கொண்டு நடப்பது சில வாரங்களில் அலுத்துவிட்டது. கழுத்தில் கேமரா ஏறியது அப்படித்தான்.

முதலில் சென்ற இடம் வேடந்தாங்கல். அதற்கு ஒரு காரணம் உண்டு. வகுப்பறையில் புறவிளைவு என்ற கருத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் சொல்லிவந்த உதாரணம் அந்த ஊர்தான். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுகிறது. அந்த நீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்து பாய்கிறது. உழவருக்குச் செலவில்லாத உரம்; ஆகவே அவர் பறவையைக் காக்கிறார். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து ஊரார் முறையிட்டதும், செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் 1798-ல் ஊருக்குக் கவுல் எழுதிக் கொடுத்ததும் இந்தக் கணக்குக்குப் பொருத்தமாக அமைந்தன. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினால் மாணவர்களுக்கு உடனே புரியும். இத்தனை ஆண்டுகள் இதைச் சொல்லிய நான் ஒரு முறைகூட அந்த ஏரிக்கரையில் கால் வைத்ததில்லை என்பதை ஓய்வுக்குப் பிறகுதான் வெட்கத்தோடு உணர்ந்தேன்.

ஜனவரி மாதத்து விடியலில் அந்தக் கரையில் நின்றபோது என் உதாரணம் எவ்வளவு சுருங்கியது என்று தெரிந்தது. ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான் ஏரி. நீரில் இடுப்பளவு மூழ்கி நிற்கும் கடப்ப மரங்களில் ஒரு கிளையும் வெறுமையாக இல்லை. நத்தைக்குத்தி நாரைகள், கரண்டிவாயன்கள், அரிவாள்மூக்கன்கள், நீர்க்காகங்கள், கூழைக்கடாக்கள். குஞ்சுகளின் ஓயாத இரைச்சலும், மீன் வாடையும், மேலே வட்டமிடும் இறக்கைகளுமாக ஒரு நகரமே அங்கு இயங்கிக்கொண்டிருந்தது. கரையில் என்னைப் போல் பத்துப் பன்னிரண்டு பேர், என்னுடையதைவிட நீளமான லென்சுகளோடு. பக்கத்தில் நின்றிருந்த இளைஞர் ஒரே காலையில் 1,200 படங்கள் எடுத்துவிட்டதாகச் சொன்னார். நானும் 400 எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது, எடுத்த பறவைகளில் பாதிக்கு மேல் எவை என்றே எனக்குத் தெரியவில்லை.

தாவரவியல் துறையில் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு நூலைக் கொடுத்தார். மா. கிருஷ்ணன் எழுதிய ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’. அதிலிருந்துதான் அந்த மனிதரின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன். ஆங்கிலம் வழியே அவரை அறிந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். தமிழ் வாசகர்களுள் அவரை அறிந்தவர்கள் அவர்களைவிடக் குறைவோ என்று எனக்குச் சந்தேகம்.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. தந்தை ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா. தமிழ் நாவலின் தொடக்க காலத்தைப் பேசும்போது தவிர்க்க முடியாத அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பொருளியல் செய்தியும் இருக்கிறது. மாதவையா அரசின் உப்புத் துறையில் நல்ல பதவியில் இருந்தவர். எழுத்துக்காகவும் அச்சகத்துக்காகவும் பதவிக் காலம் முடியும் முன்பே விருப்ப ஓய்வு பெற்று மயிலாப்பூரில் குடியேறினார். ‘பஞ்சாமிர்தம்’ என்ற இதழை நடத்தினார். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த சிறிது நேரத்தில் அங்கேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. உறுதியான சம்பளத்தை விட்டுவிட்டு விரும்பிய வேலையைச் செய்ய முடியும் என்பதையும், அதற்குக் குடும்பம் என்ன விலை கொடுக்கும் என்பதையும் அந்தச் சிறுவன் வீட்டிலேயே பார்த்துவிட்டான்.

அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. புதர்க்காடும் வெட்டவெளியும் வீட்டை ஒட்டியே இருந்தன. நரியும் வெளிமானும் அந்தப் பகுதியில் திரிந்தன என்றால் இன்று நம்புவது கடினம். 11 வயதில் அவர் ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தார். மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியல் கற்பித்தவர் பி.எப். பைசன். நீலகிரி, கொடைக்கானல் மலைத் தாவரங்களைப் பற்றி எழுதிய அந்த ஆசிரியரோடு மலைகளுக்குச் சென்றுவரும் வாய்ப்பு கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். பின்னாளில் அவர் கட்டுரைகளோடு வெளிவந்த கோட்டோவியங்களைப் பார்ப்பவர்கள், கேமராவைத் தொடும் முன்பே அந்தக் கண்ணுக்குக் கிடைத்திருந்த பயிற்சியை அவற்றில் காணலாம். பறவையை வரைய வேண்டுமானால் அதன் கால் எங்கே தொடங்குகிறது, கழுத்து எந்தக் கோணத்தில் வளைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பி.ஏ. முடித்தார், எம்.ஏ. படித்தார், சட்டமும் படித்தார். வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒன்றவில்லை. சிறு பத்திரிகைகளுக்கு எழுதியும் கேலிச்சித்திரம் வரைந்தும் பிழைக்கப் பார்த்தார், அது போதவில்லை. அச்சகத்திலும் வானொலியிலும் சில காலம் வேலை. 1937-ல் திருமணம் ஆகியிருந்தது. இந்த ஆண்டுகளை அவருடைய தோல்விக் காலம் என்று சிலர் எழுதுகிறார்கள். என் மாணவர்களில் எத்தனையோ பேர் பட்டம் பெற்றபின் இப்படிப் பத்தாண்டுகள் அலைந்ததைப் பார்த்தவன் என்பதால், அவ்வளவு எளிதாக அந்தச் சொல்லைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

1942-ல் பெல்லாரிக்கு அருகில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று ஒரே மனிதர் பல நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்தார். சிறிய சமஸ்தானங்களில் அது வழக்கம்தான். அங்கே அவர் உண்மையில் செய்த வேலை வேறு. குன்றுகளில் அலைந்தார். ஆடு வளர்த்து மேய்த்தார். தூதுப்புறாக்களைப் பழக்கினார். புறா வழியே அஞ்சல் அனுப்பும் முயற்சியையும் செய்து பார்த்தார். காட்டு விலங்கையும் பறவையையும் அன்றாட அண்டை வீட்டாராகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு முதிர்ந்தது இந்த ஏழெட்டு ஆண்டுகளில்தான் என்று கருதுகிறேன். (அதே சண்டூர்க் குன்றுகள் பின்னாளில் இரும்புத் தாதுக்காகத் தோண்டப்பட்டதும், 2011-ல் உச்ச நீதிமன்றம் பெல்லாரி மாவட்டச் சுரங்கங்களை நிறுத்திவைத்ததும் தனிக் கதை.)

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அங்கு பணியாற்றியவர்களுக்கு அரசுப் பணியில் சேரும் வழி திறந்தது. கிருஷ்ணனுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. அவர் மறுத்தார். வயது 37. கையில் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. காப்பாற்றக் குடும்பம் இருந்தது. சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டும் நம்பி வாழ்வது என்று முடிவு செய்தார்.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் மற்றொன்றின் மதிப்பை வாய்ப்புச் செலவு என்கிறோம். ஓர் அரசு அதிகாரியின் வாழ்நாள் ஊதியம், வீட்டுவசதி, ஓய்வூதியம் எல்லாவற்றையும் கூட்டினால் கிருஷ்ணன் கைவிட்ட தொகையை ஒருவாறு சொல்லிவிடலாம். தராசின் மறுதட்டில் எதை வைப்பது? பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ஒரு பத்தி. அதற்குக் கிடைத்த சன்மானம் ஒரு குடும்பம் வசதியாக வாழப் போதுமானது என்று நினைக்க இடமில்லை. ஆனால் 1950-ல் தொடங்கிய அந்தப் பத்தி 46 ஆண்டுகள் நிற்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். வீட்டுத் தோட்டத்து அணில், கூரை மேல் காக்கை, தெருநாய், மழைக்குப் பின் தவளை என்று எழுதப்பட்டவை அவை. புலியும் யானையும் அவற்றுக்கு நடுவே வந்துபோகும். 1961-ல் வெளிவந்த அவருடைய முதல் கட்டுரைத் தொகுப்புக்குக் காட்டையும் கொல்லைப்புறத்தையும் சேர்த்தே தலைப்பிட்டார். இரண்டுக்கும் இடையே அவர் உயர்வு தாழ்வு பார்க்கவில்லை.

இனி அந்தக் கேமரா. என்னைப் போன்ற புதியவர்கள் கடையில் விலைப்பட்டியலைப் பார்த்து ஏங்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய கருவி அது. ஒரு நிறுவனத்தின் உடல், வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்சு, எங்கெங்கோ கிடைத்த உதிரிப் பாகங்கள். எல்லாவற்றையும் தானே பொருத்தி, தானே பூட்டி, ஒரு பெரிய கனத்த பொருளாக ஆக்கியிருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார்; அதன் கனத்தைத் தானே கேலி செய்யும் பெயர். அசாம் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய இயற்கையாளர் இ.பி. ஜீ இந்தக் கருவியைப் பார்த்து, எங்காவது கம்பியும் கட்டுக்கயிறும் இருந்தே தீரும் என்ற தொனியில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்த வேடிக்கையில் வியப்பும் கலந்திருந்தது. ஏனென்றால் அந்த ஒட்டுப்போட்ட கருவியிலிருந்து வந்த படங்கள் நாட்டின் மிகச் சிறந்த வனவிலங்குப் படங்களுள் வைத்து எண்ணப்பட்டன.

வண்ணப் படம் பரவலான பின்பும் அவர் கறுப்பு-வெள்ளையை விடவில்லை. இதைப் பிடிவாதம் என்பவர்கள் உண்டு. பணமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் படங்களைப் பார்க்கும்போது வேறொன்று தோன்றுகிறது. வண்ணம் இல்லாதபோது பறவையின் உருவக் கோடு, நிற்கும் தோரணை, இறகின் அடுக்கு, நிழலின் ஆழம் இவைதான் மிஞ்சுகின்றன. அவருடைய படங்களில் விலங்கு தான் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது: மேய்கிறது, நீர் குடிக்கிறது, குட்டியை அணைக்கிறது. படம் எடுத்தவர் அங்கே இருந்தார் என்ற தடயமே இல்லை. பெரும்பாலும் கால்நடையாகவும், காடுகளில் வளர்ப்பு யானையின் முதுகில் இருந்தும் எடுத்த படங்கள். பளு மிகுந்த அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் அவர் எடுத்திருக்கக்கூடியவை மிகச் சில. ஒவ்வொரு படச்சுருளும் காசு. பொத்தானை அழுத்துவதற்கு முன் நெடுநேரம் பார்த்தாக வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. அந்த நெருக்கடியே அவருக்கு இன்பமாகவும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் அரை நூற்றாண்டு அதைச் செய்துகொண்டிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் என் செயல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேமரா வாங்கிய இரண்டாம் கோடையில், எங்கள் ஊருக்கு வெளியே வற்றிய ஏரிப் படுகையில் ஓர் ஆள்காட்டிக் குருவியைக் கண்டேன். கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். நான் நெருங்கியதும் அந்தப் பறவை எழும்பிக் கதறிக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. தரையில் இறங்கிச் சிறகை இழுத்து நடித்தது. எனக்கு அது அரிய காட்சியாகத் தோன்றியது. அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்று எடுத்தேன். ஏப்ரல் மாதம், காலை பத்து மணி வெயில். அந்தப் பறவை முட்டையின் மேல் அமர்வது சூடு கொடுக்க மட்டுமல்ல, வெயிலிலிருந்து மறைக்கவும்தான் என்பது எனக்கு அன்று தெரியாது. சிறகை விரித்துக் கதறும் அந்தப் படத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாராட்டு குவிந்தது. அடுத்த வாரம் போனபோது முட்டைகள் இல்லை. காக்கை எடுத்ததா, வெயிலில் கெட்டனவா, வேறு ஏதேனும் நேர்ந்ததா தெரியாது. பறவையும் அங்கு இல்லை.

கிருஷ்ணனின் நூலை நண்பர் கொடுத்தது அதற்குப் பிறகுதான். அதில் பறவைகளைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும், பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்காக அவர் எழுதியவை. என்ன தின்னும், எங்கே கூடு கட்டும், எப்படிக் குரல் கொடுக்கும் என்று அலங்காரமே இல்லாத தமிழ். தந்தை எந்த மொழிக்காகப் பேசி உயிர் விட்டாரோ, அந்த மொழியில் அறிவியலை எழுதும்போது மகன் சொல்லுக்குத் திணறவில்லை. சங்கப் பாடல்களில் விலங்குகளும் தாவரங்களும் எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கப்பட்டிருக்கின்றன என்பதை அவர் அறிந்திருந்தார். ஊர்மக்கள் வழங்கும் பெயர்களையும் மதித்தார். வேடந்தாங்கலைப் பற்றி 1960-ஐ ஒட்டி வனத்துறைக்காக அவர் எழுதியதும் இப்படிப் பருவம் பருவமாகப் பார்த்து எழுதியதுதான். எந்தப் பறவை முதலில் வருகிறது, எது எந்த உயரத்துக் கிளையைப் பிடிக்கிறது என்பது அரை நாள் கேமராவோடு வந்து போகிறவருக்குக் கிடைக்காத செய்தி. என் 400 படங்களில் இல்லாதது எது என்று அப்போது விளங்கியது.

புகழ் அவரைத் தேடி வராமல் இல்லை. 1968-ல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நிதி கிடைத்தது; அதைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளை ஆய்வு செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதை 1975-ல் நூலாக்கியது. 1970-ல் பத்மஸ்ரீ. வனவிலங்கு வாரியத்திலும், புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். குழுவில் இருந்ததற்காகக் கருத்தை மென்மையாக்கிக்கொண்டவர் அல்லர். சாலையோரங்களில் குல்மோகர் போன்ற அயல்நாட்டு மரங்களை நட்டு அழகு பார்க்கும் வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். இந்த நாட்டின் அடையாளம் இங்கே இயல்பாக வளரும் மரத்திலும் செடியிலும் விலங்கிலும் இருக்கிறது, அது அழிந்தபின் மிஞ்சுவது வெறும் வரைபடம் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வேப்பமரத்தையும் குல்மோகரையும் ஒரே தெருவில் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மே மாதத்துச் செந்நிறப் பூக்களை அந்நியமாக நினைக்க என்னால் முடியவில்லை. ஆனால் எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, எதைத் தவிர்க்கிறது என்று கவனிக்கத் தொடங்கியபின், அவர் கோபம் எங்கிருந்து வந்தது என்பதாவது புரிகிறது.

கடினமான மனிதர் என்று பெயர் வாங்கியவர் அவர். பதவியில் இருப்பவர்களிடமும் பிழையைப் பிழை என்றே சொன்னார். அதே மனிதர் தம் பேத்திக்காக அகர வரிசையில் விலங்குகளைப் பற்றி ஆங்கிலப் பாட்டு எழுதிப் படமும் வரைந்து கொடுத்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார், வாசித்துச் சிரிக்கலாம். பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடி எடுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தளித்த சு. தியடோர் பாஸ்கரனுக்கு என்னைப் போன்ற வாசகர்கள் கடன்பட்டவர்கள்.

1996 பிப்ரவரி 18 அன்று, 83 வயதில், சென்னையில் கிருஷ்ணன் மறைந்தார். அதுவரை ஸ்டேட்ஸ்மன் பத்தி தொடர்ந்தது. அவர் எடுத்த படங்களின் பெருந்தொகுப்பு ஒன்று அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்தே நூலாக வந்தது.

வேடந்தாங்கல் இப்போது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலம்; 2022-ல் அந்தத் தகுதி கிடைத்தது. நான் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போகிறேன். கரையில் லென்சுகளின் நீளமும் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே இருக்கின்றன. என் பழைய கேமராவை மாற்றவில்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் கூடச் சேர்ந்திருக்கின்றன. வரையத் தெரியாத கையால் கழுத்தையும் காலையும் கிறுக்கிப் பார்க்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு காலை முழுவதும் ஒரே கடப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நத்தைக்குத்தி நாரை ஒன்று நீரில் நனைந்த குச்சியைக் கொண்டுவந்து கூட்டில் வைத்தது. இணை அதை எடுத்து வேறொரு பக்கம் வைத்தது. முதல் பறவை சற்று நேரம் பார்த்துவிட்டு, பழையபடி தன் பக்கமே மாற்றி வைத்தது. இது நான்கு முறை நடந்தது. நான் எடுத்தது மூன்று படங்கள். இரண்டு கலங்கியிருந்தன. மூன்றாவதில் குச்சி தெளிவாக விழுந்திருக்கிறது. பறவையின் வாலில் பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.